ஜிபிஏ குறைந்த பிறகும் மருத்துவக் கல்லூரிக்கு: அமெரிக்காவில் போஸ்ட்பேக் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எங்கள் மகள் கல்லூரி முடித்தபோது அவளுடைய ஜிபிஏ, அதாவது 4-க்கு எடுக்கும் சராசரி மதிப்பெண், 2.8. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு டி, பிசிக்ஸில் இரண்டு சி. ஏழாம் வகுப்பிலிருந்தே டாக்டர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், பட்டமளிப்பு விழா முடிந்து வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். கல்லூரி ஆலோசகர் ஐந்து நிமிடம் ட்ரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) புரட்டிவிட்டு, வேறு துறை பார்ப்பது நல்லது என்று அனுப்பிவைத்திருந்தார். நானும் என் கணவரும் இந்தியாவில் படித்து வந்தவர்கள். இங்கே டிகிரி முடித்த பிறகும் மதிப்பெண்ணைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அது தெரிவதற்குள் ஒரு தவறான படிப்புக்கு முன்பணம் கட்டி இழந்தோம். இப்போது அவள் ஒரு டிஓ (ஆஸ்டியோபதி) மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான்கு வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் மருத்துவம் பள்ளி முடித்தவுடன் சேரும் படிப்பு அல்ல. நான்கு வருட டிகிரி, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம் நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதன் பின் மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற பயிற்சி. கல்லூரிகளில் எம்டி, டிஓ என்று இரண்டு வகை. இரண்டிலும் படித்தவர்கள் முழு உரிமை பெற்ற மருத்துவர்கள்தான். 2020-லிருந்து இரு தரப்புக்கும் ரெசிடென்சி அங்கீகாரமும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. சமீப வருடங்களில் எம்டி கல்லூரியில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும், எம்கேட் 511, 512 அளவிலும் இருக்கிறது. டிஓ-வில் சராசரி ஜிபிஏ 3.6 அளவு. இந்த எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். சராசரிக்குக் கீழே இருந்தும் ஒவ்வொரு வருடமும் ஆட்கள் சேர்கிறார்கள். அப்படிச் சேருகிறவர்களில் பலர் டிகிரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவில் ஒரு பாலம் கட்டிக்கொண்டவர்கள். அந்தப் பாலத்துக்குத்தான் பொதுவாகப் போஸ்ட்பேக் என்று பெயர்.

முதல் படி: மதிப்பெண் ஏன் சரிந்தது?

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நாங்களும் தாண்டிப் போனோம். மகள் டிகிரி வாங்கிய அடுத்த மாதமே எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டோம். அவள் ஏன் சரிந்தாள் என்று உட்கார்ந்து கேட்கவில்லை.

காரணம் பலவாக இருக்கலாம். மன அழுத்தம், வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு, வாரத்துக்கு 25 மணி நேரம் வேலை, கண்டறியப்படாத கவனக்குறைபாடு, பெற்றோர் சொன்னதற்காக எடுத்த இரண்டாவது மேஜர். எங்கள் வீட்டில் கடைசிக் காரணமும் இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. காரணம் அப்படியே இருக்கும்போது புதிய படிப்பில் சேர்த்தால் அதே கிரேடுதான் திரும்ப வரும், இந்த முறை விலை இன்னும் அதிகம். போஸ்ட்பேக்கில் வாங்கும் சி, முதல் வருடத்தில் வாங்கிய சி மாதிரி இல்லை. அதை யாரும் வயதுக் கோளாறு என்று மன்னிக்க மாட்டார்கள்.

அதனால் ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள். ஆலோசனையோ சிகிச்சையோ தேவைப்பட்டால் அதை முதலில் பாருங்கள். கவனக்குறைபாடு என்று தெரிந்தால் கல்லூரிகளில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டு வாங்க முடியும், எம்கேட்டிலும் கேட்கலாம். அந்த ஆறு மாதம் வீணாகாது. பிள்ளை மருத்துவமனையில் டாக்டருக்குக் குறிப்பெழுதும் ஸ்கிரைபாகவோ, மெடிக்கல் அசிஸ்டென்டாகவோ, இஎம்டி என்ற அவசர மருத்துவ உதவிப் பயிற்சி முடித்து ஆம்புலன்ஸிலோ வேலை பார்க்கட்டும். நோயாளிகளோடு பழகிய அனுபவம் விண்ணப்பத்தில் எப்படியும் தேவை. இந்தத் தொழில் தனக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதும் அங்கேதான் தெரியும்.

இரண்டாவது படி: ஜிபிஏவை மறுபடி கணக்குப் போடுங்கள்

ட்ரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்கும் ஜிபிஏவை மருத்துவக் கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எம்டி கல்லூரிகளுக்கு ஆம்காஸ், டிஓ கல்லூரிகளுக்கு ஏகோமாஸ், டெக்சாஸின் பெரும்பாலான கல்லூரிகளுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று பொது விண்ணப்ப அமைப்புகள் இருக்கின்றன. அவை எல்லாப் பாடங்களையும் தாங்களே கூட்டிப் போடுகின்றன.

இதில் நமக்கு அதிர்ச்சி தரும் விஷயங்கள் சில உண்டு. தோற்ற பாடத்தை மறுபடி எழுதி ஏ வாங்கினால், பல கல்லூரிகள் பழைய எஃப்பை எடுத்துவிடும். ஆம்காஸ் எடுக்காது, இரண்டையும் சேர்த்தே கூட்டும். டிஓ பக்கம் முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் இன்னும் அந்தச் சலுகை இருப்பதாக எழுதியிருக்கும், நம்ப வேண்டாம். ஹைஸ்கூலில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களும் கணக்கில் வரும். ஒரே ஒரு பாடம் படித்த கல்லூரியாக இருந்தாலும் அதன் ட்ரான்ஸ்கிரிப்டை அனுப்பியே ஆக வேண்டும், மறைத்தால் பெரிய சிக்கல்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை. ஏ மைனஸ் முழு 4 ஆகிவிடும், பி பிளஸ் வெறும் 3 ஆகும். மைனஸ் நிறைய வைத்திருக்கும் பிள்ளைக்கு இது நல்ல செய்தி. பத்து வருடத்துக்கு முந்தைய பாடங்களை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு விண்ணப்பிக்கும் வசதியும் டெக்சாஸ் வாசிகளுக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் அந்தப் பாடங்களின் கிரெடிட்டும் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்) சேர்ந்தே போய்விடும்.

ஒரு எக்செல் தாளில் எல்லாப் பாடங்களையும் கிரெடிட்டோடு எழுதி, மொத்த ஜிபிஏ ஒன்று, அறிவியல் ஜிபிஏ ஒன்று என இரண்டு எண் எடுங்கள். அறிவியல் ஜிபிஏ என்பது ஆம்காஸ் கணக்கில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆம்காஸ் தாளில் இளங்கலைப் பாடங்களுக்கு ஒரு கணக்கு, முதுகலைப் பாடங்களுக்கு வேறொரு கணக்கு. டிகிரி முடித்த பிறகு எடுக்கும் பாடம் இளங்கலை நிலையில் இருந்தால், அது பழைய ஜிபிஏவோடு சேர்ந்து அதை உயர்த்தும். முதுகலை நிலையில் இருந்தால் தனி வரிசையில் போய் உட்காரும், பழைய எண் அசையாது. நாங்கள் முன்பணம் இழந்தது இதைத் தெரியாமல்தான். 2.8 வைத்திருந்த பிள்ளையை, முதுகலைப் பட்டம் என்றால் உயர்ந்தது என்ற எண்ணத்தில் ஒரு மாஸ்டர்ஸ் படிப்பில் சேர்க்கப் போனோம். அதில் அவள் முழு 4.0 வாங்கியிருந்தாலும் இளங்கலை ஜிபிஏ 2.8 ஆகவே இருந்திருக்கும். 3.0-க்குக் கீழே உள்ள விண்ணப்பத்தை ஆள் படிப்பதற்கு முன்பே வடிகட்டிவிடும் கல்லூரிகள் இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 120 கிரெடிட்டில் 2.8 இருப்பவர் இன்னும் 32 கிரெடிட் இளங்கலைப் பாடம் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 3.05 ஆகும். ஒன்றேகால் வருட உழைப்பில் 3.0 என்ற கோட்டைத் தாண்டிவிடலாம். அதே 120 கிரெடிட்டில் 2.3 இருந்தால், 3.0-ஐத் தொட 84 கிரெடிட் முழு ஏ வேண்டும், கிட்டத்தட்ட மூன்று வருடம். 3.2 இருப்பவர் 32 கிரெடிட் எடுத்தாலும் 3.37-தான். மூன்று பேருக்கும் ஒரே வழி பொருந்தாது என்பது இதிலேயே தெரியும்.

மூன்றாவது படி: எந்த வகைப் படிப்பு?

போஸ்ட்பேக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, துறை மாறுகிறவர்களுக்கானது. வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டு, அறிவியலே தொடாதவர்கள் அடிப்படைப் பாடங்களை முதன்முறையாக எடுப்பதற்கு. 1972-லிருந்து நடக்கும் பிரின் மார் கல்லூரிப் படிப்பும், கவுச்சர், ஸ்கிரிப்ஸ் கல்லூரிப் படிப்புகளும் இந்த வகை. பெயரைக் கேட்டு எல்லோரும் முதலில் இங்கேதான் போவார்கள். ஏற்கெனவே கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்துச் சரிந்த பிள்ளைக்கு இவை பொருந்தாது. ஜிபிஏ நன்றாக இருப்பவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது வகை, மதிப்பெண்ணை உயர்த்துவதற்கென்றே இருப்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் துறை மாறுகிறவர்களுக்கு ஒன்று, ஏற்கெனவே அறிவியல் படித்தவர்களுக்கு ஒன்று என இரண்டு பிரிவு உண்டு. இதேபோல் பல மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. ஆலோசகர், பரிந்துரைக் கடிதம், கூடப் படிக்க ஒரு குழு எல்லாம் கிடைக்கும். பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பங்களிலிருந்தும், மருத்துவர்கள் குறைவாக உள்ள பகுதிகளிலிருந்தும் வருபவர்களுக்குத் தனிப் படிப்புகள் உள்ளன. யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு அப்படிப்பட்டது. தகுதி இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, நாமே கட்டிக்கொள்வது. பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் நோக்காத மாணவராகவோ, இரண்டாவது இளங்கலைக்கோ பதிந்து, தேவையான பாடங்களை மட்டும் எடுப்பது. ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன், யூசிஎல்ஏ எக்ஸ்டென்ஷன் போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம். எங்கள் மகள் இந்த வழியில்தான் போனாள், வீட்டிலிருந்து 20 நிமிடத் தூரத்தில் இருந்த மாநிலக் கல்லூரியில். பெரிய பெயர் கிடையாது. செலவு, நாங்கள் முன்பணம் கட்டியிருந்த படிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஜிபிஏ 3.0-க்குக் கீழே இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே குறை, வழிகாட்ட ஆள் இருக்காது. கடிதம், கால அட்டவணை எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது எஸ்எம்பி, அதாவது ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம். 1975-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தொடங்கிய வகை இது. பாஸ்டன் பல்கலைக்கழகம், சின்சினாட்டி, ட்ரெக்ஸல், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்று பல இடங்களில் இப்போது இருக்கிறது, டிஓ கல்லூரிகள் பலவும் நடத்துகின்றன. ஒரு வருடமோ இரண்டு வருடமோ, மருத்துவக் கல்லூரி முதலாண்டுப் பாடங்களை அல்லது அதற்கு இணையானவற்றைப் படிக்க வேண்டும். சில இடங்களில் முதலாண்டு மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்து அதே தேர்வை எழுத வேண்டும். இந்தப் பிள்ளை மருத்துவக் கல்லூரிச் சுமையைத் தாங்குவாரா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. ஜிபிஏ 3.0-க்கு மேல் 3.4 வரை, அடிப்படைப் பாடங்கள் முடிந்தவர்கள், எம்கேட் ஓரளவு நன்றாக எழுதியவர்கள் என்றால் இது சரியான இடம்.

ஆனால் இது இருபக்கமும் கூரான கத்தி. இங்கே 3.7 வாங்கினால் கதவு திறக்கும். 3.2 வாங்கினால் திறந்திருந்த கதவும் மூடிவிடும், அதற்கு மேல் நிரூபிக்க வேறு இடமில்லை. படிப்புக் கட்டணம் மட்டுமே 30 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் டாலர் வரை போகும். அதனால் எஸ்எம்பியை முதல் முயற்சியாக அல்லாமல் கடைசி முயற்சியாக வைத்துக்கொள்வது நல்லது. இளங்கலைப் பாடங்களில் ஏ வாங்க முடிகிறது என்று இரண்டு செமஸ்டராவது காட்டிய பிறகு சேருங்கள்.

படிப்புகளின் பட்டியலை மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. துறை மாறுகிறவர்கள், மதிப்பெண் உயர்த்துகிறவர்கள் என்று வகை பிரித்துத் தேடலாம். சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்.

1. கடந்த மூன்று வருடங்களில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் எம்டி அல்லது டிஓ கல்லூரிக்குப் போனார்கள்? விளம்பரத்தில் வரும் சதவீதம் பெரும்பாலும் விண்ணப்பித்தவர்களை வைத்து எடுத்தது. நடுவில் நின்றவர்களும், விண்ணப்பிக்க வேண்டாம் என்று தடுக்கப்பட்டவர்களும் அதில் வர மாட்டார்கள்.

2. லிங்கேஜ் இருக்கிறதா, அதற்கு என்ன நிபந்தனை? குறிப்பிட்ட கிரேடும் எம்கேட்டும் எடுத்தால் இணைந்த மருத்துவக் கல்லூரியில் இடமோ நேர்காணலோ உறுதி என்பதுதான் லிங்கேஜ். இடம் உறுதி, நேர்காணல் உறுதி இரண்டும் ஒன்றல்ல. விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், பிரித்துக் கேளுங்கள்.

3. பாடங்கள் ட்ரான்ஸ்கிரிப்டில் இளங்கலையாக வருமா, முதுகலையாக வருமா? இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நான்காவது படி: பாடங்களை எடுக்கும் முறை

முதல் செமஸ்டரில் இரண்டு அறிவியல் பாடம் போதும். ஏ வாங்கிப் பழகிய பிறகு மூன்று, அப்புறம் நான்கு. கடைசி செமஸ்டர் முழுச் சுமையாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரு பாடம் ஒரு பாடமாக வாங்கிய ஏ-க்களைப் பார்த்துச் சேர்க்கைக் குழு திருப்தி அடைவதில்லை.

சி மைனஸ், டி, எஃப் வாங்கிய அடிப்படைப் பாடங்களை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். பி மைனஸ் வாங்கியதை மறுபடி எடுப்பது நேர விரயம். அதற்குப் பதிலாகப் பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, செல் பயாலஜி, ஜெனெடிக்ஸ், இம்யூனாலஜி என்று மேல்நிலைப் பாடம் எடுங்கள். என் மகள் பயோகெமிஸ்ட்ரியில் வாங்கிய ஏ, ஆர்கானிக்கில் வாங்கிய பழைய டி-யைப் பற்றிப் பேச வேண்டிய வேலையே இல்லாமல் செய்துவிட்டது. மேல்நிலைப் பாடங்களை நான்கு வருடக் கல்லூரியில் எடுப்பது நல்லது. பணம் மிகவும் நெருக்கடி என்றால் அடிப்படைப் பாடங்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் பரவாயில்லை.

முதல் வாரத்திலேயே பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போகச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பலர் கூச்சப்படுவார்கள். இரண்டு அறிவியல் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், 200 பேர் வகுப்பில் முகம் தெரியாத மாணவருக்கு யாரும் நல்ல கடிதம் எழுத முடியாது.

எம்கேட்

472-லிருந்து 528 வரை மதிப்பெண், நான்கு பகுதிகள், ஏழரை மணி நேரம். ஜிபிஏ குறைந்த பிள்ளைக்கு இது கூடுதல் முக்கியம், அதற்காக அவசரப்பட வேண்டாம். வருடத்தில் 3 முறை, இரண்டு வருடத்தில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை என்று வரம்பு உண்டு. எல்லா முயற்சியும் கல்லூரிகளுக்குத் தெரியும். பயோகெமிஸ்ட்ரி முடிந்த பிறகு, ஏஏஎம்சி வெளியிடும் மாதிரித் தேர்வுகளில் இலக்கு மதிப்பெண் தொடர்ந்து வந்த பிறகு எழுதுங்கள். பல கல்லூரிகள் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதில்லை, அதனால் ரொம்ப முன்னதாக எழுதுவதும் ஆபத்து.

பணமும் விசாவும்

இதைச் சேர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுக்கும் முதுகலை மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மாஸ்டர்ஸ் படிப்புக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். மீதியைக் கையிலிருந்தோ தனியார் கடனிலோ கட்ட வேண்டும். எஸ்எம்பி கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வளர்ந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. 21 வயதில் அந்த விசா போய்விடும், பெரும்பாலும் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறுவார்கள். எம்டி கல்லூரிகளில் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை. பார்க்கும் இடங்களிலும் சில, பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும். போஸ்ட்பேக்கில் ஒரு டாலர் செலவழிக்கும் முன், எந்தெந்தக் கல்லூரிகள் ஏற்கும் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். இந்தியாவில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்தக் கிரேடுகளை ஆம்காஸ் ஜிபிஏவில் சேர்க்காது. இங்கே எடுக்கும் பாடங்களே அவர்களுடைய ஜிபிஏ. ஊரில் குறைவாக வாங்கியிருந்தால் இது உண்மையில் புதிய தொடக்கம்.

ஜிபிஏ குறைவு என்று தெரிந்தால் கரீபியன் தீவுக் கல்லூரிகளின் அழைப்பு வரும். சமீப வருடங்களில் எம்டி கடைசியாண்டு மாணவர்களில் 93%, டிஓ-வில் 92% அளவுக்கு ரெசிடென்சி கிடைத்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு மூன்றில் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது, அதுவும் பாதியில் நின்றவர்களைக் கணக்கில் எடுக்காமல். இந்த நாட்டு டிஓ கல்லூரிகளை ஒருமுறை முழுமையாக முயன்று பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் படி: விண்ணப்பம்

விண்ணப்பங்கள் மே மாதம் திறக்கும். ஜூன் மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். இடங்கள் நிரம்ப நிரம்பப் பரிசீலிப்பார்கள், தாமதமாகப் போகும் 3.05-க்கு யாரும் காத்திருப்பதில்லை. போஸ்ட்பேக் கிரேடுகள் எல்லாம் வந்த பிறகு அனுப்புவது முக்கியம். எங்கள் மகள் ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருந்ததற்குக் காரணம் அதுதான். ஏஏஎம்சி விற்கும் எம்எஸ்ஏஆர் பட்டியலில் ஒவ்வொரு கல்லூரியும் சேர்த்தவர்களின் ஜிபிஏ எதிலிருந்து எதுவரை என்று போட்டிருக்கும். சராசரியை விட்டுவிட்டு அடி எல்லையைப் பாருங்கள். சொந்த மாநிலக் கல்லூரிகள், டிஓ கல்லூரிகள் இரண்டும் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். ஒரு டிஓ மருத்துவரின் அருகில் சில நாள் நின்று பார்த்து, கடிதம் வாங்கிவைப்பது நல்லது.

விண்ணப்பத்தோடு எழுதும் சொந்தக் கட்டுரைக்கு இடைவெளி உட்பட 5,300 எழுத்து இடம் உண்டு. மகளின் முதல் வரைவில் பாதிக்கு மேல் அந்த 2.8-க்கான விளக்கம். பேராசிரியர் ஒருவர் படித்துவிட்டு, எந்த வருடம் சரிந்தது, ஏன், அப்புறம் என்ன மாற்றினாய், மூன்று வாக்கியம் போதும் என்றார். மீதி இடத்தில் அவள் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தபோது கவனித்துக்கொண்ட ஒரு பாட்டியைப் பற்றி எழுதினாள். நேர்காணலில் ஜிபிஏ பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது. அந்தப் பாட்டியைப் பற்றி 15 நிமிடம் பேசினார்களாம்.